என் முறை வந்தபோது

ஷ்டுட்கார்ட்டில் குடிபுகுந்த மூன்றாவது வாரம். வேலை முடிந்து வந்தால் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குகிறது. உள்ளங்கை அளவு, மேலே நூல்கயிறு, நடுவில் ‘கேர்வொஹெ’ என்று ஒரே சொல். யாரோ கதவு மாறி மாட்டிவிட்டார்கள் என்று எடுத்துப் படிக்கட்டின் கம்பியில் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் மறுபடி என் கதவில். அன்று மாலை மேல்மாடியில் தனியாக வசித்த அம்மாள் இறங்கி வந்தார். எழுபதைத் தாண்டியவர். என் ஜெர்மன் போதாது என்று தெரிந்ததும் பேச்சை விட்டுவிட்டு, நிலவறைக்கு அழைத்துப்போய் வாளியையும் மாப்பையும் காட்டினார். படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது இந்த வாரம் என் முறை. முடித்ததும் அட்டையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஒசாகாவில் வேறொரு பொருள் என் வாசலுக்கு வந்தது. ஊரின் தெற்கே அபெனோ வட்டாரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய நகாயா வீடுகள் உள்ள தெரு. திருவல்லிக்கேணியின் ஸ்டோர் வீடுகளை நினைத்துக்கொண்டால் பாதி சரியாக இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் மணியடித்து, கிளிப் வைத்த பலகை ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டினார். கைரன்பான், அதாவது தெருச்சங்கத்தின் சுற்றறிக்கை. குப்பை எடுக்கும் நாள், தீயணைப்புப் பயிற்சி, கோடைத் திருவிழாவுக்கு வசூல். ஓரத்தில் வீடுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. படித்ததற்கு அடையாளமாக அவரவர் பெயருக்கு எதிரே முத்திரை வைத்து அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கடைசி வரியில் என் பெயரைக் கத்தக்கானா எழுத்தில், மற்ற எல்லாப் பெயர்களையும்விடக் கவனமாக யாரோ எழுதியிருந்தார்கள்.

இரண்டு நகரங்களிலும் மூன்று மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். உள்ளூர்க்காரர்களோடு பழக நான் பட்ட பாடும், கடைசியில் கிடைத்த நட்பும் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் தொடங்கிய இடம் இரண்டிலும் ஒன்றுதான். தமிழில் ‘முறை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வரிசையில் நமக்கு வரும் வேலை. மற்றொன்று உறவு. மாமன் முறை, தம்பி முறை என்கிறோமே, அது. நாம் முதலில் உறவைக் கண்டுபிடித்து, பிறகு வேலையைப் பகிர்ந்துகொள்வோம். ‘நீங்க எந்த ஊரு, யாரு வீடு?’ என்று கேட்டு ஒரு முறையைப் பொருத்திவிட்டால் பேச்சு தானாக ஓடும். அந்த இரண்டு ஊர்களிலும் வரிசை தலைகீழ். முதலில் வேலையில் ஒரு முறை தருகிறார்கள். அதை ஒழுங்காகச் செய்தால் மற்ற முறை பின்னால் வருகிறது. இது புரியாமல் நான் நட்பை அலுவலகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். ஆன்சைட் போகும் நம்மவர்கள் பெரும்பாலோர் அங்கேதான் தேடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திண்ணை உள்ள வீடும் இல்லாத வீடும்

ஷ்டுட்கார்ட் 6 லட்சம் பேர் வாழும் ஊர். கிண்ணம் போன்ற பள்ளத்தில் நகரம். சுற்றிலும் திராட்சைத் தோட்டச் சரிவுகள். மேட்டையும் பள்ளத்தையும் இணைக்க 400-க்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் மேற்கு ஜெர்மனி செய்த ஒப்பந்தங்களின்படி வந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த ஊர்க்காரர்கள். வெளியாள் அங்கே புதுமை இல்லை. அதனால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் வலிய வந்து பேசுவதும் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் 14 மாதம் என்னைக் குடும்பப் பெயரோடு ‘ஹெர்’ சேர்த்துத்தான் அழைத்தார். எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அவர் அழைத்தது என் அப்பாவின் பெயரை. தினமும் காலையில் அப்பாவுக்கு வணக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒசாகா 27 லட்சம் பேர் வாழும் வணிக நகரம். டோக்கியோக்காரர்கள் பேசவே யோசிக்கும் இடத்தில் ஒசாகாக்காரர்கள் பேசி முடித்திருப்பார்கள். ‘மொகாரி மக்கா?’ என்பது வணிகர்களின் பழைய குசலவிசாரிப்பு: லாபம் வருகிறதா? பதில்: ‘போச்சி போச்சி தென்னா.’ நம் ‘ஏதோ ஓடுது’வை அப்படியே ஜப்பானியத்தில் கேட்பது போலிருக்கும். இன்று அன்றாடப் பேச்சில் அதிகம் கேட்காது என்றாலும் அதன் தொனி ஊரில் அப்படியே இருக்கிறது. நடுவயதுப் பெண்களின் கைப்பையில் மிட்டாய் இருக்கும். அதை ‘அமேச்சான்’ என்று குழந்தையை அழைப்பது போல அழைப்பார்கள். ரயிலுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் கையில் ஒன்றை வைத்துவிடுவார். காய்கறிக் கடைக்காரம்மா முதல் நாளே என்னை ‘நீச்சான்’ என்றார். அண்ணன் என்று பொருள். தெரியாதவரை அண்ணா, அக்கா, மாமி என்று உறவு சொல்லி அழைப்பது ஜப்பானியத்திலும் உண்டு. ஜெர்மனில் அது அறவே இல்லை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஓனோ சுசுமு வாதிட்டதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் தெருவில் அந்த அழைப்பு காதில் விழும்போது தமிழ்க் காதுக்கு ஏற்படும் நிம்மதி மெய்யானது.

அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. ஒசாகாவில் முதல் மாதத்தில் எனக்கு 20 நண்பர்கள் இருப்பதாக நினைத்தேன். ஓராண்டு கழித்து எண்ணினால் ஒருவரும் இல்லை. ஷ்டுட்கார்ட்டில் முதல் ஆண்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். உண்மையில் அப்போதே மூன்று பேர் என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டை வைத்துச் சொன்னால் எளிது. ஒசாகா நீளமான திண்ணை கொண்ட வீடு. யாரும் உட்காரலாம், நிழல் உண்டு, தண்ணீர் கொடுப்பார்கள். திண்ணைக்குப் பின்னால் எத்தனை கட்டு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஷ்டுட்கார்ட்டில் திண்ணையே கிடையாது. தெருவில் இறங்கினால் நேராகச் சுவர். ஆனால் கதவு ஒருமுறை திறந்தால் அடுக்களை வரைக்கும் போகலாம்.

குர்ட் லெவின் என்ற உளவியலாளர் இதை வேறு விதமாகச் சொன்னார். பெர்லினில் பணியாற்றி, 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்கா போனவர். 1936-இல் எழுதிய கட்டுரையில் அவர் மனிதரின் ஆளுமையை ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களாகக் காட்டினார். அமெரிக்கரிடம் வெளி வட்டங்கள் திறந்திருக்கும், நடுவில் மட்டும் காவல். ஜெர்மானியரிடம் காவல் வெளிப்புறத்துக்கு அருகிலேயே தொடங்கிவிடுகிறது. அதைக் கடந்தவருக்கு உள்ளே தடை குறைவு. ஊர்விட்டு ஊர் போய் நண்பர் தேடிய ஒருவர் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

ஜப்பானைப் பற்றி அப்படி உள்ளேயிருந்து எழுதியவர் தோய் தக்கேயோ என்ற மனநல மருத்துவர். 1971-இல் வந்த அவருடைய நூலின் மையச்சொல் ‘அமயெ’. அடுத்தவரின் அன்பில் சாய்ந்துகொள்வது, கேட்காமலே கொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது. தமிழில் ‘உரிமை எடுத்துக்கிறது’ என்போமே, அதற்குப் பக்கத்தில் வரும். 1950-இல் அமெரிக்கா போன தோயிடம், அறிமுகமான ஒருவர் ‘பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது’ என்றாராம். பசித்தும் இவர் இல்லை என்றார். இன்னொரு தடவை கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. கேட்கவில்லை. இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்கு ஷ்டுட்கார்ட்டின் மதிய உணவு மேசைகள் ஞாபகம் வந்தன. நம் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ மரியாதை, இரண்டாவது ‘வேண்டாம்’தான் பதில். அங்கே முதல் ‘வேண்டாம்’ முடிவு. எத்தனை வார இறுதி நடைகளுக்கு ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்ற தொனியில் மறுத்து, மறுபடி கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்! என் சொல்லை மதித்து அவர்கள் கூப்பிடாமல் இருந்தார்கள். அதைப் புறக்கணிப்பு என்று எண்ணி அந்த ஞாயிறுகளைத் தமிழ் நண்பர்களோடு கிரிக்கெட்டில் கழித்தேன்.

ஒசாகாவில் சிக்கல் எதிர்த்திசையில் இருந்தது. ‘ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்’ என்றால் அது பிரியத்தைக் காட்டும் சொல், அழைப்பு அல்ல. நான் தேதி கேட்டேன். எதிரே இருந்தவர் புன்னகையோடு பற்களுக்கிடையே காற்றை இழுத்தார். அந்தச் சின்ன ஒலி ‘முடியாது’ என்று பொருள்படும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது.

அலுவலகத்தின் எல்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை வரவேற்பதிலேயே இரண்டு ஊரும் பிரிந்துவிடுகின்றன. ஷ்டுட்கார்ட்டில் புதியவர்தான் மற்றவர்களுக்குத் தர வேண்டும். ‘ஐன்ஷ்டான்ட்’ என்று பெயர். காலையில் பிரெட்சலோ கேக்கோ கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்து, வந்துவிட்டேன் என்று அறிவிப்பது. பிறந்தநாளும் அப்படித்தான். கேக் பிறந்தநாள்காரர் கொண்டுவருவது. முன்கூட்டி வாழ்த்துவது கெட்ட சகுனம். வெள்ளிக்கிழமை, மறுநாள் பிறந்தநாள் என்று தெரிந்து ஒரு சகபணியாளருக்கு வாழ்த்துச் சொன்னேன். முகம் வெளிறிப்போய் இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்தார். திங்களன்று அவரே வந்து, தன் பாட்டி இதில் எவ்வளவு கண்டிப்பு என்று அரைமணி நேரம் சொன்னார். அந்த அலுவலகத்தில் என்னிடம் சொந்தக் கதை பேசிய முதல் ஆள் அவர்தான். தவறு செய்து திருத்தப்படுவது அந்த ஊரில் பழக்கத்தின் தொடக்கம் என்பது என் துணிபு. திட்டாமல் இருந்தால் அதுவே போதிய பாராட்டு என்று அந்த வட்டாரத்து ஸ்வாபியர்கள் சொலவடையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஒசாகாவில் புதியவருக்கு விருந்து. ‘கங்கெய்கை’யில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள், என் பங்குப் பணத்தை வாங்க மறுத்தார்கள். தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளக் கூடாது; பக்கத்தில் இருப்பவர் கோப்பையைக் கவனிக்க வேண்டும். நான் குடிப்பதில்லை. ஊலோங் தேநீர்க் கோப்பையை யாரும் குறையவிடவில்லை. பதவியில் மூத்தவர், இன்று ‘புரேகோ’, மரியாதைக் கட்டுகளை அவிழ்த்துவிடலாம் என்று அறிவித்தார். இரவு பதினொன்றுக்கு என் தோளில் கைபோட்டு, மகளின் கல்லூரிச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டார். காலையில் லிஃப்டில் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தேன். குனிந்து வணங்கிவிட்டுக் கதவைப் பார்த்து நின்றார். பல நாட்கள் எனக்குள் அது உறுத்தியது. இரவில் சொன்னது பொய் இல்லை என்று இப்போது தெரியும். இரவில் திறந்த கதவை இரவே மூடிவிடுவது அங்கே ஒழுக்கம். மறுநாள் அதைச் சுட்டிக்காட்டாமல் இருப்பவனைத்தான் அடுத்த தடவையும் நம்புவார்கள்.

பணம் கொடுப்பதில் மட்டும் இரண்டு ஊரும் ஒரே கட்சி. ஷ்டுட்கார்ட்டில் பரிமாறுபவர் ‘தனித்தனியா, சேர்த்தா?’ என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவர் கணக்கையும் வாங்குவார். ஒசாகாவில் மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். நமக்குக் கை துடிக்கும். முந்திக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பாசம் வளரும் என்பது நம் நம்பிக்கை. இரண்டு ஊரிலும் ஒவ்வொரு முறை அப்படிச் செய்தேன். இரண்டு இடத்திலும் மேசை அமைதியானது. ஜப்பானில் வாங்கியதற்குப் பாதி மதிப்பில் திருப்பித் தரும் வழக்கமே இருக்கிறது. நான் கொடுத்த விருந்து அவர்களுக்கு வீட்டுப்பாடமானது. மறுவாரம் ஆளுக்கொரு பெட்டி இனிப்பு என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

துடைப்பம்

கேர்வொஹெ என்றால் பெருக்கும் வாரம். இதன் வேரை 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வூர்ட்டெம்பெர்க்கை ஆண்ட எபர்ஹார்ட் காலத்து நகர விதிகளில் தேடுகிறார்கள். இன்று அது பெரும்பாலும் வீட்டு விதி. சிறிய முறை என்றால் படிக்கட்டு. பெரிய முறை என்றால் நடைபாதை, முற்றம், நிலவறை, பனி விழுந்தால் அதை அள்ளுவதும். சம்பளத்துக்கு ஆள் வைத்து முடித்துவிடலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். நானும் வைக்கலாமென்று விசாரித்தேன். இன்று நினைத்தால் அதுதான் நான் நூலிழையில் தப்பிய தவறு.

துடைக்கும்போது குனிந்த தலையாக இருப்போம். அப்போதுதான் அந்த வீட்டுக்காரர்கள் என்னோடு பேசினார்கள். நிமிர்ந்து வணக்கம் சொன்னால் தலையசைத்துக் கடந்துபோகிறவர்கள், நான் மாப் பிழியும்போது நின்று, தண்ணீர் அதிகம், மரப்படிக்கு ஆகாது என்றார்கள். மூலையில் சீயக்காய்த்தூள் போல எப்போதும் கொஞ்சம் சாம்பல் நிறத் தூசி தங்கும். அதைப் பழைய பல்துலக்கியால் எடுக்க வேண்டும் என்று காட்டியவர் முதல் மாடி ஆசிரியர். மேல்மாடி அம்மாளுக்கு இடுப்பில் அறுவை நடந்தபோது அவருடைய முறையையும் சேர்த்து மூன்று மாதம் செய்தேன். சொல்லிச் செய்யவில்லை, அட்டை அவர் கதவில் இருந்த வாரங்களில் பேசாமல் செய்தேன். குணமாகி இறங்கி வந்தவர் நன்றி என்று நீட்டவில்லை. மகள் வீட்டுக்குப் பத்து நாள் போகும் முன் தன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். போகும்போது கையை நீட்டித் தன் முதல் பெயரைச் சொன்னார்.

அந்தக் கைநீட்டலுக்கு அந்த ஊரில் தனி இடம் உண்டு. ஜெர்மனில் ‘ஸீ’ என்றால் நீங்கள், ‘து’ என்றால் நீ. நமக்கும் நீங்க, நீ இருக்கிறது. ஆனால் நாம் நீங்கவிலிருந்து நீக்கு எப்போது நழுவினோம் என்று யாரும் குறித்துவைப்பதில்லை. அங்கே அது ஒரு சடங்கு. வயதில் மூத்தவர்தான் முன்வந்து சொல்ல வேண்டும். இளையவர் கேட்கக் கூடாது. சொன்ன பிறகு திரும்பிப் போக வழியில்லை. கணினித்துறை அலுவலகங்களில் இப்போது முதல் நாளே எல்லோரும் ‘து’தான். அந்த ‘து’வுக்கு எடை இல்லை. படிக்கட்டில் கிடைத்த ‘து’வுக்கு இருந்தது.

சங்கத்திலும் இதே கதைதான். ஏழு பேர் சேர்ந்தால் ஜெர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன: பாட, ஓட, தேனீ வளர்க்க, தீயணைக்க. நான் சேர்ந்தது 1888-இல் தொடங்கிய ஸ்வாபிய ஆல்ப் நடைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில். ஸ்வாபிய ஆல்ப் மலைப்பாதைகளின் வழிக்குறிகளைப் பராமரிப்பது அந்தச் சங்கத் தொண்டர்கள். வெறுமனே நடந்த ஆறு மாதம் நான் விருந்தாளி. ஒரு சனிக்கிழமை, மரத்தில் மங்கிப்போன வழிக்குறி ஒன்றைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் பூசும்போது தூரிகையை என்னிடம் கொடுத்தார்கள். மதியம் பாறைமேல் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும். என் டப்பாவில் புளிசாதம். அன்று முதல் நான் கணக்கில் சேர்ந்தவன்.

ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று: அறிமுகம் சாதாரண நட்பாக சுமார் 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டும். அலுவலக மேசையில் எதிரும் புதிருமாக உட்காரும் நேரம் இதில் பெரிதாகச் சேராது என்பதும் அந்த ஆய்வின் ஒரு முடிவு. மாதம் ஒரு நடை, அதில் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 90 மணிக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். நடைச் சங்கத்துத் தம்பதி ஒருவர் என்னை ஞாயிறு பிற்பகல் காப்பிக்கும் கேக்குக்கும் வீட்டுக்கு அழைத்தது பத்தொன்பதாவது மாதம். ஐந்து வாரம் முன்னால் நாட்காட்டியில் குறித்த அழைப்பு. அப்புறம் கதவு மூடவே இல்லை. அடுத்த தடவை சமையல். அந்த வீட்டம்மா ஷ்பெட்ஸ்லே பிழியும் அச்சை எடுத்தார். பார்த்ததும் சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டுச் சேவை நாழியின் பெரியம்மா மகள். மறுவாரம் நாழியைக் கொண்டுபோனேன். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றில் முட்டைமாவும் மற்றொன்றில் அரிசிமாவும் பிழிந்தோம். அவருக்குச் சேவை பிழியத் தோள் போதவில்லை. கணவரைக் கூப்பிட்டார்.

திராட்சைத் தோட்டக்காரர்கள் ஆண்டில் நான்கு மாதம் வரை தங்கள் வீட்டிலேயே நடத்தும் சிறு மதுக்கடைக்கு ‘பேஸன்’ என்று பெயர். துடைப்பம் என்று பொருள். வாசலில் துடைப்பத்தைக் கட்டினால் கடை திறந்திருக்கிறது. 40 இருக்கைக்கு மேல் கூடாது என்பதால் தெரியாதவர்களோடு தோள் இடித்துத்தான் உட்கார வேண்டும். அந்த ஊரில் வெளியாள் உள்ளே போக நான் கண்ட வழிகளில் இரண்டில் துடைப்பம் இருந்தது.

வெந்நீர்

ஒசாகாவின் தெருச்சங்கத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1940-இல் ஜப்பானிய அரசு தெருக்குழுக்களைக் கட்டாயமாக்கி, பங்கீட்டுக்கும் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்கும் பயன்படுத்தியது. அந்தச் சுற்றறிக்கைப் பலகை அப்போது ஆணைகளைச் சுமந்து சுற்றியது. இன்றைய சங்கம் விருப்பத்தின் பேரில் சேர்வது. இளையவர்கள் விலகுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ‘வெளிநாட்டவருக்கு வாடகைக்கு இல்லை’ என்று இரண்டு வீடுகளில் கேட்டுவிட்டு வந்தவனுக்கு, அந்தப் பலகையில் தன் பெயரைப் பார்ப்பது என்னவாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வாசலில் இரண்டு நிமிடப் பேச்சு கட்டாயம். வெயில், முழங்கால், பூனை. மாதம் இரண்டு தடவை, மூன்று ஆண்டுகள். அந்தச் சின்னப் பேச்சுகளின் வழியாகத்தான் காலை 6:30 வானொலி உடற்பயிற்சிக்குப் பூங்காவுக்கு வா என்றார்கள். 1928-இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. உடற்பயிற்சிக்கு வந்தவர்கள், வெந்நீர்க் குளியலுக்கு வா என்றார்கள்.

சென்தோ என்பது தெருக்கோடியில் இருக்கும் பொதுக்குளியல் கூடம். 1968 வாக்கில் நாடு முழுக்க சுமார் 18,000 இருந்தவை. இன்று 2,000-க்கும் குறைவு. ஆடையில்லாமல் மற்றவர் முன்னால் போவதற்கு எனக்கு மூன்று வாரம் தயக்கம். கிழக்கு ஜப்பானில் தொட்டி சுவரோரமாக இருக்கும். ஒசாகாப் பக்கம் பல இடங்களில் நடுவில் இருக்கும். அதைச் சுற்றிய கல்விளிம்பில் உட்கார்ந்து, சின்ன வாளியால் தொட்டித் தண்ணீரை மொண்டு மேலே ஊற்றிக்கொண்டு பேசுவார்கள். கண்ணைச் சற்றே மூடினால் எங்கள் ஊர்ப் படித்துறை. ‘ஆடையற்ற பழக்கம்’ என்று ஜப்பானியத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. சட்டையோடு பதவியும் கூடையில் போய்விடுகிறது. அங்கே யாரும் ‘என்ன வேலை?’ என்று என்னைக் கேட்கவில்லை. மரியாதை வினைமுற்றுகளும் பாதி கழன்றிருந்தன.

வாரம் மூன்று நாள் ஒரு முதியவர் பக்கத்தில் உட்காருவேன். அவர் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. தண்ணீர் இன்று சூடு, இன்று சூடு போதாது, பேஸ்பாலில் ஹான்ஷின் டைகர்ஸ் நேற்று சொதப்பிவிட்டார்கள்: மூன்றே தலைப்பு. ஷ்டுட்கார்ட்டில் இப்படி ஒன்றரை ஆண்டு பழகியிருந்தால் அவருடைய ஓய்வூதியத் தொகைவரை தெரிந்திருக்கும். இதை நட்பு என்று எண்ணலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். 2023 நவம்பர் 5. டைகர்ஸ் 1985-க்குப் பிறகு, 38 ஆண்டுகள் கழித்து, ஜப்பான் தொடரை வென்ற இரவு. உடைமாற்றும் அறைத் தொலைக்காட்சியைச் சுற்றி இடுப்பில் துண்டோடு பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் கத்தினார்கள். அவர் கத்தவில்லை. பாட்டில் காப்பிப்பால் இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். 85-இல் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்தேன் என்றார். இந்த வெற்றியைப் பார்க்க அவன் இல்லை என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனபோது, தண்ணீர் இன்று சூடு என்றார். ஆமாம், சூடு என்றேன். அதற்குள் அந்தப் பதிலைக் கற்றிருந்தேன்.

சாப்பாட்டுக்கும் இதே பாதைதான். இறைச்சியும் மீனும் சாப்பிடாதவனுக்கு ஜப்பானில் எதிரி தட்டில் இல்லை, சாற்றில் இருக்கிறான். கட்சுவோ மீன்சீவல் சேராத சாறு அரிது. அந்தச் சென்தோவுக்குப் பக்கத்தில் ஒகோனோமியாகி சுடும் கடை. நான் கல்லைப் பார்த்துக்கொண்டு வெறும் முட்டைக்கோஸ் தின்பதை நான்கு வாரம் கவனித்த கடைக்காரம்மா, ஐந்தாவது வாரம் கொம்பு கடற்பாசியை மட்டும் ஊறவைத்த சாற்றில் தனியாக மாவு கரைத்திருந்தார். ஒரு காலத்தில் வடக்கே ஹொக்கைடோவிலிருந்து கப்பலில் வந்த கொம்பு இறங்கிய ஊர் ஒசாகா. ‘எங்கள் ஊர்ச் சாறே இதுதான், மீன் பிறகு வந்தது’ என்றார். நான் கேட்கவில்லை, கேட்காததால்தான் கிடைத்தது. 1998-இல் ‘முத்து’ ஜப்பானில் ‘ஒடோரு மகாராஜா’ என்ற பெயரில் ஓடியபோது பார்த்தவர் அவர். என்னை ரஜினியின் ஊர்க்காரன் என்றே மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார். ஷ்டுட்கார்ட் மேசையில் அப்படிக் காத்திருந்தால் பட்டினிதான். அங்கே முதல் நாளே ‘இறைச்சி சாப்பிடுவதில்லை’ என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன மறுகணம் பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே வந்துவிடும்.

எந்த ஊர் நல்லது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவாய் என்றால் ஷ்டுட்கார்ட்டை. அப்பா இறந்த செய்தி வந்த இரவு, விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டி வந்தவர் நடைச் சங்கத்துக்காரர். உள்ளே வந்து, பயணப்பை போடும் வரை நின்று, பாதுகாப்புச் சோதனைக் கதவு வரை வந்தார். தினப்படிக்கு எந்த ஊர் தனிமையைக் குறைத்தது என்றால் ஒசாகாவை. அங்கே மூன்று ஆண்டில் ஒரே ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறேன், அதுவும் பத்து நிமிடம். ஆனால் யாரோடும் பேசாமல் ஒரு நாளும் முடிந்ததில்லை. முதல் ஊரில் சுவர் முன் நின்று சோர்ந்து திரும்பிவிடுகிறோம். இரண்டாவதில் திண்ணையையே வீடென்று எண்ணி, பிறகு கசந்து திரும்பிவிடுகிறோம். நான் இரண்டாவது ஊரில் கொஞ்சம் பொறுத்ததற்கு முதல் ஊரின் படிக்கட்டுதான் காரணம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரண்டு ஊரிலும் பள்ளி வாசலே பாதி வேலையைச் செய்துவிடும். தனியாகப் போகிறவர்களை மனதில் வைத்தே இவ்வளவும்.

நடைச் சங்கத் தம்பதி அடுத்த பிப்ரவரியில் மதுரை வருகிறார்கள். போன டிசம்பரிலேயே தேதி குறித்தாயிற்று. எந்த நாள் காலை இடியாப்பம், எந்த நாள் அழகர்கோவில் என்பதுவரை.

ஒசாகாவுக்கு, ஊர் திரும்பி ஒன்றரை ஆண்டு கழித்து, நான்கு நாள் வேலையாகப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. சாயங்காலம் சென்தோவுக்குப் போனேன். வழக்கமாக வருகிறவர்கள் சோப்பு, துண்டு, பிரஷ் வைத்த கூடையை அங்கேயே தட்டில் விட்டுப் போவார்கள். கிளம்பிய அவசரத்தில் என்னுடையதை எடுக்க மறந்திருந்தேன். அது அதே தட்டில், அதே இடத்தில் இருந்தது. ஈரம் கோக்காமலிருக்க யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள். முதியவர் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

‘இன்று தண்ணீர் சூடு,’ என்றார்.